இரண்டு அடித்தால் ரைட்

மூன்று துப்பாக்கிகளையும் அவள் கண்ணாடிப் பலகையின்மேல் வரிசையாக வைத்தாள்.

தலைமையாசிரியை கொடுத்தது இருநூறு ரூபாய். வெடியும் அதற்குள்.

"பேரனுக்கா டீச்சர்?" என்றார் ஃபேன்சி ஸ்டோர் அண்ணாச்சி.

"எனக்குத்தான் அண்ணாச்சி."

"வீட்ல சாரு கூட அவ்வளவு சண்டையா?"

அவள் சிரித்தாள். எதிரே இருக்கும் பெண்கள் பள்ளியில் பதினெட்டு வருஷமாக விளையாட்டு டீச்சர். ஓட்டத்தைத் தொடங்கி வைக்க இதுவரை விசில்தான்.

நேற்று அந்த விசில் காலை வாரிவிட்டது.

மைதானச் சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம். நூறு மீட்டர் இறுதி ஓட்டம். பெண்கள் குனிந்து நின்றார்கள். "செட்" என்றாள். ஊதப்போகும் நேரம், சுவருக்கு அப்பால் டவுன் பஸ் கண்டக்டர் இரண்டு விசில் அடித்தார்.

பஸ் கிளம்பியது.

இசக்கியம்மாளும் கிளம்பிவிட்டாள்.

அந்தப் பள்ளியிலேயே வேகமான கால்கள் அவளுடையவை. ஓட்டத்தை இன்று மதியத்துக்குத் தள்ளிவைத்தார்கள். முந்திப் புறப்பட்டதற்கான எச்சரிக்கை மட்டும் அவள் பெயரில் அப்படியே நிற்கிறது. இன்னொரு தடவை முந்தினால் வெளியே. மாவட்டப் போட்டியும் போயிற்று.

பஸ் வராத நேரம் என்று அந்த ஊரில் ஒன்று கிடையாது. சத்தத்தைத்தான் மாற்ற வேண்டும்.

முதல் துப்பாக்கி தகரம். விலை மலிவு. உள்ளே சுருள் கேப். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். விசையை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு சின்னக் கொக்கி சிவப்புக் காகிதத்தை ஒரு பொட்டு அளவுக்கு மேலே தள்ளும். சுத்தியல் அந்தப் பொட்டின்மேல் விழும். காகிதம் அரை நகம் பிசகினாலும் வெறும் 'டிக்'.

எட்டுப் பெண்கள் மூச்சைப் பிடித்து நிற்கும்போது வெறும் 'டிக்'.

அதைத் தள்ளி வைத்தாள்.

இரண்டாவது இரும்பு. நல்ல கனம். பார்க்க அச்சு அசல்.

"இதக் கொண்டு போனீங்கன்னா பஸ்ல ஒரு பய டிக்கெட் கேக்க மாட்டான்."

விலையைக் கேட்டாள். அதையும் தள்ளி வைத்தாள்.

மூன்றாவது ரிவால்வர். கறுப்பு பிளாஸ்டிக். நடுவில் உருளை. உருளையின்மேல் சிவப்பு வளையம் ஒன்றைச் செருக வேண்டும். வளையத்தில் எட்டுக் குப்பி. ஒவ்வொன்றிலும் ஒரு துளி மருந்து.

விசையை மெதுவாக, மிக மெதுவாக இழுத்துப் பார்த்தாள். பாதி இழுப்பில் உருளை ஒரு படி திரும்பியது. மீதி இழுப்பில் சுத்தியல் பின்னால் போய் விழுந்தது. ஒவ்வொரு வெடிக்கும் தனி இருக்கை. ஒன்று ஏமாற்றினாலும் அடுத்தது இடம் தவறாமல் வந்து உட்காரும்.

இன்னொரு முறை இழுத்தாள். இது ஆசைக்கு.

"தீபாவளி சரக்குதான? நமுத்திருக்காதே?"

"அடிச்சே பாருங்க. நமுத்திருந்தா துட்டு வேண்டாம்."

வளையத்தைச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்து கையை உயர்த்தினாள். ஒன்று வெடித்தால் மருந்து நல்ல மருந்து. இரண்டாவதும் வெடித்தால்தான் உருளை ஒழுங்காகச் சுற்றுகிறது என்று அர்த்தம்.

பட்.

பட்.

அருமை.

நிறுத்தத்தில் உறுமிக்கொண்டிருந்த டவுன் பஸ் கிளம்பிப் போயிற்று.

பக்கத்து டீக்கடையிலிருந்து காக்கிச்சட்டை ஒன்று துள்ளி எழுந்தது. ஒரு கையில் பை, மறு கையில் டம்ளர்.

"வே பேச்சிமுத்து! நிறுத்தும்வே!"

கண்டக்டர் ஓடினார். தோள் ஆடாமல், முழங்கால் நன்றாக எழும்பி. அவள் கட்டைவிரல் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைத் தானாக அழுத்தியது.

பஸ் சந்தை முக்கில் நின்றது. ஏறத்தாழ நூறு மீட்டர்.

டம்ளரைத் திருப்பிக் கொடுக்க அவர் மூச்சிரைக்க வந்தார்.

"பதினாறு செகண்டு. அதுவும் செருப்போட," என்றாள்.

"கிண்டலா டீச்சர்? பஸ் பாடியில நாந்தான் தட்டுதேன்னு நெனச்சுட்டான். ரெண்டு அடிச்சா ரைட்டு. நீங்க ஏன் ரெண்டு அடிச்சீங்க? ஒண்ணோட விட்டிருந்தா அவன் பாட்டுக்கு நின்னிருப்பான்லா!"

"நேத்து நீங்க ரெண்டு அடிச்சீங்கள்லா. அதுக்குத்தான்."

அவர் விழித்தார். அவள் சுவரைக் காட்டினாள், இசக்கியம்மாளைச் சொன்னாள், எச்சரிக்கையைச் சொன்னாள். கண்டக்டர் தலையைச் சொறிந்துகொண்டார். தூரத்தில் டிரைவர் பேச்சிமுத்து விடாமல் ஹாரன் அடித்தார்.

மதியம் இரண்டு மணி.

இரண்டு மணி பஸ் சுவருக்கு அப்பால் வந்து நின்றது.

"செட்."

எட்டு முதுகுகள் உயர்ந்தன. இசக்கியம்மாளின் விரல்கள் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி ஊன்றியிருந்தன.

சுவருக்கு மேலே, படிக்கட்டில் நின்ற கண்டக்டரின் தலை மட்டும் தெரிந்தது. உதட்டில் விசில். கன்னம் உப்பியிருந்தது.

துப்பாக்கியோடு உயர்ந்திருந்த டீச்சரின் கையை அவர் பார்த்துவிட்டார்.

கன்னம் மெல்ல வற்றியது.

அவள் விசையை இழுத்தாள்.

ஒரே ஒரு சத்தம்.

பஸ் நகரவில்லை.