கெண்டை முள்

“க்ரீய்ய்க்!” என்ற அந்தச் சத்தத்தை அந்தக் குளம் இன்னும் மறக்கவில்லை. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், ஜாஸ் வாசிப்பதில் பெயர்பெற்ற நாரை, கச்சேரி நடுவே சாக்ஸபோனில் அதை எழுப்பியது. காலையில் தின்ற கெண்டையின் முள் அதன் தொண்டையில் குத்தி நின்றது.

“சபாஷ்! இதுவல்லவா ஜாஸ்!” என்றது வாத்து.

தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த தவளைக்குக் கணக்கு தப்பியது. “தகரத்தைச் சுரண்டுற மாதிரி இருக்கு.”

“உமக்கு ஞானம் போதாது, ஓய்.”

நாரை மூச்சு முட்டிச் சிறகுகளை அடித்துக்கொண்டது.

“பாரும், சிறகாலேயே தாளம் போடுறார்!”

“அதுவும் தப்புத் தாளம்.”

நாரை சாயப் போனது. சத்தத்தில் தூக்கம் கெட்ட நண்டு ஒன்று திட்டிக்கொண்டே கழுத்தில் ஏறி, அலகுக்குள் கொடுக்கை விட்டு முள்ளைப் பிடுங்கிப் போட்டது. நாரை கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியை வாசித்தது. ஒரு பிசிறு இல்லை.

“பழைய உயிர் இல்லையே,” என்றது வாத்து.

தவளை முதல்முறையாக ஒத்துக்கொண்டது. “ஆமாம் ஓய். அந்த ‘க்ரீய்ய்க்’ இருந்ததே, அதுதான் வாசிப்பு!”

நாரை இப்போது பக்கத்து ஏரியில் மீன் பிடிக்கிறது. சாக்ஸபோனைத் தொடுவதில்லை. நண்டைத் தின்பதுமில்லை.