லீக் பார்த்துக்கொள்ளும்

பந்து கண்ணில் பட்டு முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது.

மதுரை மருத்துவமனையின் மாடி வராந்தாவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

உள்ளே சண்முகப்பிரியா. பதின்மூன்று வயது. இடது கண்ணில் கட்டு.

நாளைக் காலை அறுவைச் சிகிச்சை. இன்று இரவுக்குள் எண்பதாயிரம் கட்ட வேண்டும். தள்ளிப்போனால் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிள்ளையின் அப்பா அய்யாத்துரைதான் தைரியமாக இருந்தார். தீப்பெட்டி ஆபீசில் கூலி வேலை. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவரே ஆறுதல் சொன்னார்.

"ஒரு காப்பியாவது குடிங்க மேடம். உங்க மூஞ்சியப் பாத்தா உங்களுக்குத்தான் ஆபரேஷன்னு நெனப்பாங்க."

சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரில் பத்துப் பேர் கைக்காசும் நன்கொடையும் சேர்த்து நடத்தும் சிறுவர் சிறுமியர் ஹாக்கி லீக். அதன் பொருளாளர் அவள்.

ஜூன் மாதம் அய்யாத்துரை வீட்டு வாசலில் நின்று சம்மதம் வாங்கியவளும் அவள்தான். மகளை விளையாட விட அவருக்கு மனமில்லை. அடிபட்டால் இன்சூரன்ஸ் இருக்கும், லீக் பார்த்துக்கொள்ளும் என்றாள்.

அன்றைக்கு அது பொய்யில்லை.

சாயங்காலம் அய்யாத்துரையின் மச்சான் வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். தன் மனைவியின் சங்கிலி.

"பொம்பளப்பிள்ள கையில மட்டையக் குடுத்துட்டு இப்ப முழிக்கியே மாப்ள. வா, அடகுக்கடைய அடைக்கிறதுக்குள்ள போயிட்டு வந்துருவோம்."

"வேண்டாம் மச்சான். அக்கா கழுத்துலயே கெடக்கட்டும். அதான் இன்சூரன்ஸ் இருக்குல்லா."

"நெசமாவா?"

"லீக் மேடமே நிக்காங்க. கேளுங்க."

மச்சான் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

பொட்டலம் மறுபடி சட்டைக்குள் போனது. கடைசி பஸ் போய்விடும் என்றபடி படியிறங்கினார். செருப்புச் சத்தம் கீழே போய்க்கொண்டே இருந்தது.

"போகாதீங்க!"

லீக் கூட்டத்தில்கூட அவள் குரல் அடுத்த நாற்காலியைத் தாண்டியதில்லை. வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

செருப்புச் சத்தம் நின்றது.

அய்யாத்துரையின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

"நன்கொடை பாதிதான் வந்துச்சு, அண்ணாச்சி."

அவர் காத்திருந்தார்.

"இன்சூரன்ஸ் பையங்களுக்கு மட்டும் கட்டினேன்."