ஏழாவது வரிசை

"ஒரு வாரமா பல்செட் கீழ குத்துது. ஊருக்கெல்லாம் பார்க்கிற, எனக்கு மட்டும் உனக்கு நேரமில்ல," என்று கணவர் காலையிலேயே ஆரம்பித்தார். "சாயங்காலம் பார்க்கிறேங்க," என்று சொல்லிவிட்டுப் பல் டாக்டரம்மா கிளினிக்குக்குக் கிளம்பினாள்.

முதலில் வந்த பெயிண்டருக்கு ஈறு வீங்கியிருந்தது. சாவே வராத அவருக்கு வழக்கம்போல அடுத்த பல்வரிசை முளைத்துக்கொண்டிருந்தது. அவருடைய அட்டையில் ஆறாவது வரிசை வரை, அவளுக்கு முன் அங்கே டாக்டராக இருந்த அப்பாவின் கையெழுத்து. ஏழாவதை அவள் எழுதினாள்.

"இப்படி இருந்துக்கிட்டே இருக்கிறது அலுக்கலையா?"

"திங்கக்கிழமை அலுக்கும், டாக்டரம்மா. செவ்வாய்க்கிழமை யாராவது நல்ல கலரா கேப்பாங்க, சரியாயிடும்." வாயைக் கொப்பளித்தார். "பல்லுதான் திரும்ப முளைக்குது. பொண்டாட்டி முளைக்க மாட்டேங்கிறா."

அவர் போனதும் கை கழுவினாள். போன வருஷம் கடைவாய்ப்பல் பிடுங்கிய இடத்துக்கு நாக்கு தானாகப் போனது. கூராக ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடியில் பார்த்தாள். பல்தான்.

அதுவும் அறுபத்தெட்டு வயதில். வீட்டில் இருப்பவரை நினைத்தாள். உடனே அவருடைய காலை முணுமுணுப்பும் ஞாபகம் வந்தது.

காத்திருந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, டார்ச்சும் கையுமாக வீட்டுக்கு ஓடாத குறையாக நடந்தாள்.

"பல்செட்டைக் கழட்டுங்க."

"சாயங்காலம்னு சொன்னியே, இப்ப என்ன அவசரம்?" என்றபடி கழற்றிவிட்டு வாயைத் திறந்தார்.

கீழ் ஈறில் இரண்டு வெள்ளை முனைகள் எட்டிப் பார்த்தன. டார்ச்சை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"இனிமே நமக்கு ஒரு அவசரமும் இல்லைங்க."