மூச்சு வாங்கும் இடம்

கோடை இசை முகாமுக்கு அக்காவும் தங்கையும் தாங்கள் சேர்ந்து பாடிய பதிவை அனுப்பினார்கள். பெயர் கேட்ட இடத்தில், கச்சேரி நோட்டீஸில் போடுவதுபோல, தாரிணி நளினா என்று இருவர் பெயரையும் சேர்த்து எழுதினார்கள். இருவருக்கும் ஒரே மாதிரிக் குரல். ஒருத்தி மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவள் பாட்டை விடாமல் பிடித்துக்கொள்வாள், சிறுவயதுப் பழக்கம். "இவ்வளவு நீண்ட மூச்சுள்ள சிறுமியின் பாட்டை நாங்கள் கேட்டதேயில்லை. ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறோம்" என்று பதில் வந்தது. மறுநாள் முகாமிலிருந்து அழைத்தார்கள். அம்மா போனின் பேசும் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு நீட்டினாள். "தாரிணி நளினாகிட்ட பேசணுமாம். வர்றாளா இல்லையான்னு இப்பவே சொல்லணுமாம். யாருடி போறீங்க?" பதில் சொல்ல இருவரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தார்கள். அதுவரை அப்படி நடந்ததேயில்லை.