நூற்று நான்கு அயிலை

"எவனோ ஒரு துரோகி பொடி மீனாப் பொறுக்கிக் கொண்டாந்து வைக்கிறான். நீங்களும் கண்ணை மூடிட்டு அதை அளந்து எங்க பொழப்பை மூடுறீங்க. இது நியாயமா மேடம்?"

படகுக்காரர் சங்கத் தலைவர் போட்ட சத்தத்தில் அளவை அறையின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவருக்குப் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர்.

மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தவளுக்குத் துறைமுகம் வைத்த பெயர் 'மில்லிமீட்டர்'. பெற்ற மகளின் உயரத்தைக்கூட வீட்டுச் சுவரில் மில்லிமீட்டர் கணக்கில் குறித்து வைப்பவள். அரை மில்லிமீட்டர்கூட யாருக்கும் விட்டுக்கொடுத்தது கிடையாது.

அவள் வேலை எளிது. கடலின் ஒரு பரப்பில் பிடித்த நூறு அயிலை மீனை அளக்க வேண்டும். பதினெட்டு சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது இன்னும் ஒரு தடவைகூட முட்டையிடாத குஞ்சு. நூற்றுக்குப் பத்துக்கு மேல் குஞ்சாக இருந்தால் அந்தப் பரப்பில் இரண்டு வாரம் யாரும் வலை போடக் கூடாது. மாதிரி மீனை யார் வேண்டுமானாலும் தரலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ள யார் வருவார்கள்? போய்ப் பிடித்து வரலாமென்றால், மீன்வளத் துறை ஆபீஸ் படகு பழுதாகி இரண்டு வருஷமாகக் கரையில் காக்கைகளுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆறு வாரமாகத்தான் அந்த அதிசயம். வியாழக்கிழமைதோறும் அவள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மேஜைமேல் ஐஸ் போட்ட பெட்டி இருக்கும். பிடித்த இடமும் ஆழமும் 'நூறு மீன்' என்பதும் இடதுகையால் கிறுக்கியது போல ஒரு சீட்டில் இருக்கும். எண்ணிப் பார்த்தால் நூற்று நான்கு. எல்லா வாரமும் நூற்று நான்கேதான். பதிவேட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள்.

அந்தப் புண்ணியவான் யாரென்று தெரிந்துவிட்டால் துறைமுகத்தில் அவனை நிற்க விடமாட்டார்கள். அப்புறம் பெட்டி வராது. நாலு வருஷத்தில் அயிலையும் வராது. அவளுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

போன வாரம் தலைவர், அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு வாசல் பெஞ்சில் காவல் உட்கார்ந்தார். அப்போதும் பெட்டி வந்து சேர்ந்தது. என் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டானே என்று மூன்று நாள் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

இன்றைய பெட்டியில் குஞ்சு இருபத்திரண்டு. பரப்பை மூடும் உத்தரவு கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. அதற்குத்தான் இந்தப் படையெடுப்பு.

தலைவர் ஒரு கூடையை மேஜைமேல் கவிழ்த்தார்.

"அவன் பொறுக்கினது வேண்டாம். இது காலைல அதே பரப்புல நான் பிடிச்சது. என் கையால நூறு எண்ணித் தர்றேன், எல்லார் முன்னாலயும் அளங்க."

எண்ணினார். இருபத்தைந்து ஆனதும் அடையாளத்துக்கு ஒரு மீனைத் தனியாக எடுத்துவைத்தார். அடுத்த இருபத்தைந்துக்கு இன்னொன்று. அடையாள மீன் எண்ணிக்கையில் வராது, அவர் படகில் மட்டும் அப்படி ஒரு வழக்கம். நூறு ஆனதும் அந்த நான்கையும் சேர்த்து அவள் பக்கம் தள்ளினார்.

அவள் மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை ஒவ்வொன்றாக அளந்து எழுதினாள். கடைசி மீனுக்கு வரிசை எண் போட்டபோது பென்சில் நின்றது.

நூற்று நான்கு.

நிமிர்ந்து பார்த்தாள். தலைவர் சுவர்க் கடிகாரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குஞ்சு இருபத்தி மூணுங்க," என்றாள். தலைவர் கூடையே அப்படிச் சொன்ன பிறகு யாரைக் குற்றம் சொல்வது?

தலைவரின் மைத்துனர் மட்டும் விடுவதாக இல்லை. ஆள் கெட்டிக்காரர்.

"மேடம், ஒவ்வொரு படகுலயும் எண்ணுற விதம் வேற. நாங்க ஜோடி ஜோடியா எண்ணுவோம், சிலர் கோடு போடுவாங்க. அந்தப் பெட்டியில வாராவாரம் சரியா எத்தனை மீனு வருதுன்னு சொல்லுங்க. ஆளை இப்பவே காட்டுறேன்."

தலைவரின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

அவள் பதிவேட்டை மூடி, அதன்மேல் அளவுப் பலகையை வைத்தாள்.

"நூறுங்க. ஒண்ணு கூடினதும் இல்ல, குறைஞ்சதும் இல்ல."

மில்லிமீட்டரே சொன்ன பிறகு அதற்கு மேல் பேச்சு ஏது? மைத்துனர் உதட்டைப் பிதுக்கினார். முணுமுணுத்தபடி கூட்டம் கலைந்தது.

கூடையை எடுக்கும் சாக்கில் தலைவர் பின்தங்கினார். அவருக்கு இவ்வளவு மெல்லப் பேச வரும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அயிலை ஒரேயடியா காணாமப் போன வருஷம்தான் மேடம் என் முதல் படகை வித்தேன். இவங்கள்ல பாதிப் பேர் அப்போ கடலுக்கே வரல. வாயால சொன்னா நம்ப மாட்டாங்க, என்னைத்தான் தலைவர் பதவியிலிருந்து தூக்குவாங்க."

அவள் பதிவேட்டைத் திறந்து அந்தக் கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். கூடவே சிரிப்பும் வந்தது.

"அடுத்த வாரம் சரியா நூறு வைங்க தலைவரே. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல."

தலையாட்டிவிட்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"நாளைக்கு உங்களை வேற ஊருக்கு மாத்தச் சொல்லிக் கூட்டம் போட்டிருக்கேன். இன்னைக்கு நடந்ததுக்குக் கொஞ்சம் கூடுதலாவே திட்ட வேண்டியிருக்கும், மனசுல வச்சுக்காதீங்க."