நீ மட்டும்தான் பாக்கி

நெதர்லாந்தின் ஹார்லம் நகரில் ஒரு பழைய அருங்காட்சியகத்தில் என் மனைவி மாக்டெல்ட் காவல் வேலை பார்க்கிறாள். அவள் காவல் காக்கும் அறையில் நானூறு வருடத்துக்கு முந்தைய படைத்தலைவன் ஒருவனின் ஓவியம் இருக்கிறது. இரண்டு கையிலும் தோல் கையுறை போட்டிருப்பான். அவனுக்குத் தினமும் காலை வணக்கம் சொல்வாள். எனக்குச் சொல்ல மறந்துவிடுவாள்.

நேற்று அவள் பிறந்தநாள். ஆப்பிள் கேக்கோடு அங்கே போனேன். எங்கள் ஊரில் பிறந்தநாள்காரிக்கு மட்டுமில்லை, அவள் புருஷனுக்கும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்வார்கள். அவளோடு வேலை பார்ப்பவர்கள் வட்டமாக உட்கார்ந்து கேக்கைத் தின்றார்கள். என் கையை யாரும் தொடவில்லை.

"என்னப்பா, எனக்கு வாழ்த்து இல்லையா?" என்று கேட்டேன்.

"உள்ள இருக்கிறவருக்குக் காலையிலயே சொல்லிட்டோமே!" என்றான் அவர்களில் ஒருவனான வீபே. எல்லோரும் சிரித்தார்கள். மாக்டெல்ட் மட்டும் வெட்கப்பட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று அந்த அறைக்குப் போனேன். ஓவியத்தில் அவன் வலது கையில் உறை இல்லை. கழற்றிய உறை ஓவியத்து மேசைமேல் கிடந்தது. வெறுங்கை என் பக்கம் நீண்டிருந்தது.

பின்னாலேயே மாக்டெல்ட் வந்தாள்.

"மரம் மாதிரி நிக்கிறியே, கை குடு," என்றாள். "எல்லாரும் அவருக்கு வாழ்த்துச் சொல்லியாச்சு. நீ மட்டும்தான் பாக்கி."