நம்பகமற்ற செயலி

கூட்டம் தொடங்கிவிட்டது. எழுத்துகள் வரவில்லை.

திரையில் எட்டு முகங்கள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. யார் யாரோ பேசினார்கள். வழக்கமாக அவர்கள் பேசப் பேச, அந்தப் பேச்சு திரையின் அடியில் வரிகளாக ஓடும். அதைப் படித்துத்தான் அவள் இந்த அலுவலகத்தில் ஐந்து மாதமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

இன்று அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கட்டம்.

நம்பகமற்ற செயலி. தடுக்கப்பட்டது.

பாதுகாப்பு மென்பொருளுக்கு வேறு வேலை இல்லை. ஊர் பேர் தெரியாத கம்பெனி செய்ததாம், ஒலியை ஒட்டுக் கேட்கிறதாம். ஆகவே ஆகாது.

மேலாளர் சுகந்தியின் உதடுகள் நின்றன. எல்லா முகங்களும் காத்திருந்தன. தன்னிடம்தான் எதையோ கேட்டிருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது.

"ஆமா மேடம்," என்றாள்.

யாரோ சிரித்தார்கள். சுகந்தி சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் சுகந்தியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'வளர்மதி, வேலை எப்போது முடியும் என்று கேட்டேன். கவனம் எங்கே இருக்கிறது? நாளைக் கூட்டத்திலும் இப்படி என்றால் வேலை நிரந்தரமாவதை மறந்துவிடு.'

முன்பொரு காய்ச்சல் வந்து அவளது இரண்டு காதையும் கொண்டுபோனது. பேச்சு மட்டும் மிஞ்சியது. போன அலுவலகத்தில் உண்மையைச் சொன்னாள். பாவம் என்றார்கள். அடுத்த மாதமே பூங்கொத்து கொடுத்து வழியனுப்பினார்கள். பாவம் என்றால் உலை கொதிக்குமா? இங்கே அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

சிவப்புக் கட்டத்துக்குக் கீழே ஒரு கேள்வி. இந்தச் செயலி உங்களுக்கு எதற்கு?

'எனக்குக் காது' என்று தட்டினாள்.

அழித்தாள்.

'பாட்டு கேட்க' என்று தட்டினாள்.

அனுப்பிவிட்டாள்.

கணினிப் பிரிவு எபினேசர் அவள் மேஜைக்கே வந்துவிட்டான். எப்போதும் முகத்துக்கு நேரே நின்று பேசுகிறவன். அவன் உதடுகளைப் படிப்பது அவளுக்குச் சிரமமில்லை.

"பாட்டுக்கு வரி ஓடுற ஆப்பா மேடம்? இதுக்குப் போய் ஏன் இவ்ளோ பயப்படுறீங்க? ஆபீஸ்ல எல்லாரும்தான் பாட்டு கேக்குறாங்க."

குனிந்து எதையோ தட்டினான். சிவப்புக் கட்டம் போயிற்று. நம்பகமானவற்றின் பட்டியலில் செயலி போய் உட்கார்ந்துகொண்டது.

அவளுக்கு உயிர் வந்தது.

எபினேசர் போகவில்லை. தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி நீட்டினான்.

"இதக் கேட்டுப் பாருங்க. ரெண்டு நாளா எனக்கு இதுதான் ஓடிக்கிட்டு இருக்கு."

வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

புன்னகைத்தாள். தலையை மெல்ல ஆட்டினாள்.

பாட்டு எப்போது முடியும் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.